காவ்டோஸ்: ஐரோப்பாவின் தென்கோடிக் கரை

கிரேக்கத்தின் காவ்டோஸ் தீவில், வடகரையை ஒட்டி, ஆயியோஸ் இயோவான்னிஸ் என்ற கடற்கரை இருக்கிறது. புனித யோவானின் பெயரைத் தாங்கிய இந்தக் கரைக்கு வண்டி போகாது. சாலை முடியும் இடத்தில் சில உணவகங்கள் உண்டு. அங்கிருந்து மணல்மேடுகளுக்கும் ஜூனிபர் மரங்களுக்கும் நடுவே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நடக்க வேண்டும். கரையில் ஓட்டல் இல்லை, வாடகை நிழற்குடை இல்லை, குடிநீர்க் குழாயும் இல்லை. கோடையில் மரநிழல்களில் சில கூடாரங்கள் தென்படும். மற்றபடி மணல், மரம், கடல்.

கிரேக்கத்தின் கடலோரம் 13,000 கி.மீ.க்கு மேல் நீள்கிறது. அதில் பெயர்பெற்ற மணற்கரைகளில் பெரும்பாலானவை சுற்றுலாத் தொழிலின் கைக்கு எப்போதோ போய்விட்டன. ஆயியோஸ் இயோவான்னிஸ் இன்னும் போகவில்லை. தொலைவு, தண்ணீர்த் தட்டுப்பாடு, இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், அங்கே வந்து தங்குவோரின் பழக்கம் ஆகிய நான்கும் சேர்ந்து அதைக் காத்து வருகின்றன. போய்ச் சேர்வதைக் கடினமாக்கும் அதே காரணங்கள்தாம் அங்கே கட்டடம் எழும்பாமலும் பார்த்துக்கொள்கின்றன.

தீவு இருக்கும் இடம்

காவ்டோஸ், கிரீட் தீவின் தென்கரையிலிருந்து சுமார் 40 கி.மீ. தெற்கே, லிபியக் கடலில் இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 30 சதுர கி.மீ. ஆண்டு முழுவதும் வசிப்பவர்கள் 200 பேர் அளவுக்குத்தான். கோடையில் இந்த எண்ணிக்கை பல மடங்காகும். நிர்வாக ரீதியாகக் கிரீட்டின் ஹானியா வட்டாரத்தைச் சேர்ந்தது. தலைமை ஊர் காஸ்ட்ரி, துறைமுகம் கராவே. வடமேற்கே காவ்டோபூலா என்ற ஆளில்லாக் குட்டித் தீவு இருக்கிறது.

தீவின் தென்முனையான திரிப்பிடி, ஏறத்தாழ 34 பாகை 48 கலை வட அட்சரேகையில் உள்ளது. ஐரோப்பாவின் தென்கோடி என்று பொதுவாகக் குறிக்கப்படுவது இந்த முனைதான். வரைபடத்தில் பார்த்தால் துனீசியாவின் தலைநகர் துனிஸ், அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸ் இரண்டும் இதற்கு வடக்கே இருக்கின்றன. லிபியாவின் தோப்ரூக் நகரம் நேர் தெற்கே சுமார் 300 கி.மீ. தூரத்தில் உள்ளது. தீவின் வெயிலும் வறட்சியும் வட ஆப்பிரிக்காவை நினைவூட்டுவதில் வியப்பில்லை.

போகும் வழி

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு முதல் தேவை ஷெங்கன் விசா. ஏதென்ஸ் வரை விமானம். அங்கிருந்து கிரீட்டின் மேற்கு நகரமான ஹானியாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. கடல்வழியை விரும்புவோர் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இரவில் கப்பல் ஏறினால், விடியும்போது ஹானியாவை அடுத்த சூடா துறைமுகத்தில் இறங்கலாம்.

ஹானியாவிலிருந்து தென்கரையின் ஹோரா ஸ்ஃபாகியோன் வரை சுமார் 70 கி.மீ. பேருந்துப் பயணம். வழியில் வெள்ளை மலைத்தொடரைக் கடக்க வேண்டும். மலை உச்சியைத் தாண்டியதும் சாலை கொண்டை ஊசி வளைவுகளாகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் லிபியக் கடல் இன்னும் அகலமாகத் தெரிகிறது. 1941 மே மாத இறுதியில், கிரீட் போரில் ஜெர்மானியரிடம் தோற்ற நேச நாட்டுப் படையினர் இதே மலையைக் கால்நடையாகக் கடந்து இந்தச் சிறு துறைமுகத்துக்கு வந்தனர். பிரிட்டிஷ் கடற்படை ஆயிரக்கணக்கானோரை இங்கிருந்து ஏற்றிச் சென்றது. கப்பலில் இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் கரையிலேயே கைதாயினர்.

ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்தும், மேற்கே உள்ள பலியோஹோரா, சூயா ஊர்களிலிருந்தும் காவ்டோஸுக்குக் கப்பல் உண்டு. பயண நேரம் புறப்படும் ஊரைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை ஆகலாம். தினசரிச் சேவையை எதிர்பார்க்க முடியாது. கோடையில் வாரத்துக்குச் சில நாள், குளிர்காலத்தில் அதைவிடக் குறைவு. கால அட்டவணையில் இருக்கும் கப்பலும் காற்று பலத்தால் புறப்படாது. காற்றின் வேகத்தைப் பியூஃபோர்ட் அளவில் கணக்கிட்டுத் துறைமுக அதிகாரிகள் தடை விதிப்பார்கள்; தடை நீங்கும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் காவ்டோஸ் போகிறவர்கள் திரும்பும் விமானத்துக்கும் தீவை விட்டுப் புறப்படும் நாளுக்கும் இடையே ஓரிரு நாள் இடைவெளி விட்டே திட்டமிடுவது நல்லது.

கராவேயில் கப்பல் வரும் நேரத்துக்கு ஒரு சிறு பேருந்து நிற்கும். சராகினிகோ, ஆயியோஸ் இயோவான்னிஸ், காஸ்ட்ரி என்று இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லி ஏறிக்கொள்ளலாம். கையில் ரொக்க யூரோ வைத்திருப்பது அவசியம். சிறு கடைகளில் அட்டையை நம்பிப் போக முடியாது.

மணலும் மரமும்

சாலை முடிந்ததும் தொடங்கும் பாதை முதலில் கல்லும் முள்செடியுமாக இருக்கும். காட்டுத் தைம் செடியில் கால் உரசினால் வாசம் எழும். பிறகு மணல் வருகிறது. நடுப்பகலில் இந்த மணலில் வெறுங்காலுடன் நடக்க முடியாது. மேடு ஏறி இறங்கும் இடங்களில் ஆடுகளின் கழுத்துமணி கேட்கும். தீவில் ஆடுகள் ஏராளம்; கூடாரத்தில் மூடாமல் வைத்த ரொட்டியும் பழமும் அவற்றின் வாய்க்குத் தப்பாது.

கரையை மற்ற கிரேக்கக் கடற்கரைகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டுபவை ஜூனிபர் மரங்கள். உள்ளூர் மக்கள் இவற்றைத் தேவதாரு என்ற பொருளில் ‘கேத்ரோஸ்’ என்கிறார்கள். தாவரவியலின்படி இவை ஜூனிபர் இனங்களே. ஓயாத வடகாற்றால் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிலத்தை அணைத்தாற்போல் படர்ந்து நிற்கின்றன. அடிமரம் கயிறு முறுக்கியதுபோல் திருகியிருக்கும். மணல் விலகிய இடத்தில் வேர்கள் ஆள் நீளத்துக்கு வெளியே தெரியும். கிளைகளுக்கு அடியில் ஊசியிலைகள் உதிர்ந்து மெத்தையாகக் கிடக்கும் நிழலே இங்குள்ள ஒரே கூரை. மிக மெதுவாக வளரும் மரம் இது. ஒரு கிளையை வெட்டி அடுப்பெரித்தால், இழப்பு பல பத்தாண்டுகளுக்கு ஈடாகாது.

இந்த வேர்கள்தாம் மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. மரம் பட்டால் மேடு நகரத் தொடங்கும். மேடு நகர்ந்தால் பின்னாலுள்ள மரங்களும் மணலில் புதையும். இதை உணர்ந்தே, ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்பு ஆணை, ஜூனிபர் வளரும் கடலோர மணல்மேடுகளை முன்னுரிமை தந்து காக்க வேண்டிய வாழிடமாக வகைப்படுத்தியது. காவ்டோஸும் காவ்டோபூலாவும் ‘நாச்சுரா 2000’ என்ற ஐரோப்பியப் பாதுகாப்பு வலையமைப்பில் இடம்பெற்றுள்ளன.

மத்தியதரைக் கடலின் மணற்கரைகளில் கோடைக் கடைசியில் கடல் டாஃபோடில் பூக்கிறது. ஈரமே இல்லாத மணலிலிருந்து இலையற்ற தண்டு எழும்பி, மாலையில் வெண்மலர் விரியும். ஆழத்தில் புதைந்த கிழங்கில் சேர்த்து வைத்த நீரே அதற்கு ஆதாரம்.

நீர்விளிம்பில் சில இடங்களில் பழுப்பு நிற நாடாக்கள் குவிந்து கிடக்கும். புதிதாக வருபவர்கள் குப்பை என்று முகம் சுளிப்பார்கள். அவை பொசிடோனியா என்ற கடற்புல்லின் காய்ந்த இலைகள். மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் இந்தத் தாவரம், கடலடியில் புல்வெளியாகப் பரந்து மீன்குஞ்சுகளுக்கு உறைவிடமாகிறது. நீரில் கலங்கிய மண்ணைப் படியச் செய்கிறது. குளிர்கால அலை கரையில் ஒதுக்கும் அதன் இலைக்குவியல், மணலை அடித்துச் செல்லாதபடி அலையின் வேகத்தைத் தாங்குகிறது. ஓட்டல்கள் உள்ள கரைகளில் கோடை தொடங்கும் முன் இயந்திரம் வைத்து இதை அள்ளிவிடுவார்கள். கரை பளிச்சென்று இருக்கும். மணலோ அடுத்த புயலுக்குக் காப்பின்றி நிற்கும். அள்ள ஆளில்லாத கரையில் மணலைக் காக்கும் இந்த வேலை தடையின்றி நடக்கிறது.

கடலும் காற்றும்

கிழக்கு மத்தியதரைக் கடலில் ஊட்டச்சத்து மிகக் குறைவு. அதனால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. நீர் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதற்கும் ஆழத்தில் கருநீலமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். ஆவியாதல் அதிகம் என்பதால் உப்பும் கூடுதல். உடல் எளிதில் மிதக்கும். ஆகஸ்டில் நீரின் வெப்பம் 25 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். ஏற்றவற்றம் மிகச் சிறிது என்பதால் காலையில் விரித்த துண்டை மாலைவரை நகர்த்த வேண்டியிருக்காது.

தீர்மானிக்கும் சக்தி காற்றுக்குத்தான். ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் பக்கமிருந்து ‘மெல்டெமி’ என்னும் வடகாற்று வீசும். வடக்கு நோக்கிய ஆயியோஸ் இயோவான்னிஸில் அப்போது அலை உயரும். பறக்கும் மணல் காலில் ஊசியாகக் குத்தும். அத்தகைய நாளில் தென்கிழக்கே உள்ள கோர்ஃபோஸ் போன்ற கரைகளுக்குப் போவது வழக்கம். தென்காற்று அடித்தால் நிலைமை தலைகீழ். சஹாராவின் தூசியைச் சுமந்துவரும் அந்தக் காற்றில் வானம் மஞ்சளாகும். வடகரை அமைதியாக இருக்கும். கரையில் உயிர்காப்பாளர் இல்லை, மருத்துவமனை வேறொரு தீவில் இருக்கிறது. அலை உள்ள நாளில் நீந்தாமல் இருப்பதே நல்லது.

மேற்கிலும் தெற்கிலும்

ஆயியோஸ் இயோவான்னிஸிலிருந்து கரையோரப் பாதையில் மேற்கே நடந்தால் லவ்ராகாஸ் வரும். அதையும் தாண்டினால் போதாமோஸ். அங்கே காவியும் சாம்பலுமான களிமண் சரிவுகள் மழையால் அரிக்கப்பட்டுக் கடலுக்கு இறங்குகின்றன. மேற்கே செல்லச் செல்ல ஆள் நடமாட்டம் குறையும். சாலையும் கடையும் முதுகுக்குப் பின்னால் தங்கிவிடுவதால், நீர் முழுவதையும் தோளில் சுமந்தே போக வேண்டும்.

தென்முனைக்குப் போக வத்சியானா என்ற குடியிருப்பிலிருந்தோ கோர்ஃபோஸிலிருந்தோ நடைபாதை உண்டு. முடிவில் திரிப்பிடி: கூழாங்கல் கரை, அதன் கோடியில் கடல் குடைந்த மூன்று வளைவுகள் கொண்ட பாறை. பாறையின் மேல் யாரோ மரத்தால் செய்த ஒரு ராட்சத நாற்காலி. ஏறி அமர்ந்தால் ஆப்பிரிக்காவை நோக்கி உட்காரலாம். வழியெங்கும் நிழல் குறைவு என்பதால் விடியற்காலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள்.

மேற்குக் குன்றின் மேல் 1880-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியத் தாக்குதலில் அது சிதைந்தது. பின்னாளில் பழுது பார்க்கப்பட்டு இப்போது காட்சிக்கூடமாகவும் காப்பிக் கடையாகவும் இயங்குகிறது. சூரியன் மறைவதைப் பார்க்கத் தீவில் உள்ளவர்கள் கூடும் இடம் அதுதான்.

உணவகங்களில் கிடைப்பது கிரீட்டின் மலைநாட்டுச் சமையல். ஆட்டுக்கறியை ஆலிவ் எண்ணெயில் நெடுநேரம் சுண்டவைத்த குழம்பு. காய்ந்த பார்லி ரொட்டியின் மேல் தக்காளித் துருவலும் மிஸித்ரா பாலாடைக்கட்டியும் போட்ட தாகோஸ். அதே பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துத் தட்டி, சுட்டு, தேன் ஊற்றிய ஸ்ஃபாகியா அடை. அன்று வலையில் விழுந்தால் மீனும் உண்டு. சைவர்களுக்குக் காட்டுக் கீரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்த ‘ஹோர்த்தா’ கைகொடுக்கும்.

ஒதுக்கமும் வரலாறும்

இந்தத் தீவின் ஒதுக்கம் எல்லாக் காலத்திலும் இன்பமானதாக இருந்ததில்லை. புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுலின் கப்பல் கிரீட்டுக்கு அருகே புயலில் சிக்குகிறது. ஒரு சிறு தீவின் காற்று மறைவில் ஒதுங்கியபோதுதான் மாலுமிகளால் கப்பலைக் கயிறுகளால் சுற்றிக் கட்ட முடிந்தது. அந்தத் தீவு இன்றைய காவ்டோஸ். ஹோமரின் ஒடிசியஸைக் கலிப்சோ என்ற தேவதை ஏழாண்டுகள் பிடித்துவைத்த தீவு இதுதான் என்றும் ஒரு மரபு சொல்கிறது. மால்டாவின் கோஸோ தீவும் அதே உரிமையைக் கோருகிறது.

1930-களில் கிரேக்க அரசு கம்யூனிஸ்டுகளைத் தனிமைப்படுத்தி வைக்க ஒதுக்குப்புறத் தீவுகளைப் பயன்படுத்தியது; அவற்றுள் காவ்டோஸும் ஒன்று. பின்னர் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த கொரில்லாப் படையின் தலைவராகப் புகழ்பெற்ற ஆரிஸ் வெலூஹியோதிஸும், உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுப் படையை நடத்திய மார்கோஸ் வாஃபியாதிஸும் இங்கே சிறை வைக்கப்பட்டிருந்தவர்கள். கப்பல் வராத நாட்கள் அவர்களுக்குப் பட்டினி நாட்கள்.

அண்மை ஆண்டுகளில் இதே கடல் வேறொரு பாதையாகியிருக்கிறது. தோப்ரூக் பகுதியிலிருந்து புறப்படும் புலம்பெயர்வோர் படகுகளுக்கு எதிர்ப்படும் முதல் ஐரோப்பிய நிலம் காவ்டோஸ்தான். 2024 டிசம்பரில் தீவுக்கு அருகே ஒரு மரப்படகு கவிழ்ந்து உயிர்கள் பலியாயின. 2025 ஜூலையில், வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழியாக வருவோரின் அடைக்கல விண்ணப்பங்களைக் கிரேக்க அரசு மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. சில நூறு பேர் வரும் ஒரு நாளில் தீவின் மக்கள்தொகையே இரட்டிப்பாகிவிடும்; தண்ணீருக்கும் படுக்கைக்கும் அந்தச் சிறு ஊராட்சியால் தனியே ஈடுகொடுக்க முடிவதில்லை.

கரை யாருக்குச் சொந்தம்?

கிரேக்கச் சட்டப்படி கடலோரம் பொதுச்சொத்து. 2001-இல் வந்த 2971-ஆம் எண் சட்டம் அதை உறுதிசெய்கிறது. அதே நேரத்தில், கரையின் ஒரு பகுதியைச் சாய்வு நாற்காலி போடக் குத்தகைக்கு விட அரசுக்கு அதிகாரம் உண்டு. குத்தகை எடுத்தவர்கள் அனுமதித்த அளவைத் தாண்டிப் பரப்பிக்கொண்டதால், பல தீவுகளில் துண்டு விரிக்கவும் இடமில்லாமல் போயிற்று. 2023 கோடையில் பாரோஸ் தீவு மக்கள் கரையில் இறங்கிப் போராடினர். ‘துண்டு இயக்கம்’ என்று பெயர்பெற்ற அந்தப் போராட்டம் மற்ற தீவுகளுக்கும் பரவியது.

அடுத்த ஆண்டே 5092/2024 என்ற சட்டம் வந்தது. நீர்விளிம்பிலிருந்து குறைந்தது 4 மீட்டர் வரை நாற்காலி போடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கரையின் பெரும்பகுதி திறந்தே இருக்க வேண்டும். மீறல்களைப் பொதுமக்கள் நேரடியாகப் புகார் செய்ய ‘மைகோஸ்ட்’ என்ற கைப்பேசிச் செயலி அறிமுகமானது. அதே 2024-இல், ‘கால்படாத கரைகள்’ என 198 கடற்கரைகள் அறிவிக்கப்பட்டன. பட்டியல் பின்னர் நீண்டது. இந்தக் கரைகளில் நாற்காலி, குடை, ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை. பத்துப் பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளும் நடத்தக் கூடாது. யாரும் குளிக்கலாம், யாரும் கடை விரிக்க முடியாது.

சட்டம் இருந்தும் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிரீட்டின் மேற்குக் கோடியிலேயே சான்று உண்டு. பாலோஸ், எலஃபோனிசி இரண்டும் நாச்சுரா 2000 பகுதிகள். ஆனால் ஹானியாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால், கோடை நாட்களில் கூட்டம் கட்டுக்கடங்குவதில்லை. ஜாகிந்தோஸ் தீவின் நவாயியோ கரையின் கதை இன்னொரு வகை. 1980-இல் தரைதட்டிய கப்பலின் துருப்பிடித்த உடலோடு கூடிய அதன் படம் உலகெங்கும் பரவி, படகுகள் வரிசைகட்டின. 2018-இல் மேலிருந்த சுண்ணாம்புப் பாறை சரிந்து சிலர் காயமடைந்தனர். பிந்தைய சரிவு அபாயத்தால் இப்போது அங்கே இறங்கவே தடை. காவ்டோஸை இந்த நிலையிலிருந்து காப்பது அன்றாடம் போய்த் திரும்ப முடியாத தூரம். கப்பலில் வருபவர் தங்கியே ஆக வேண்டும். தங்கும் இடமோ தீவின் நீர் அளவுக்குத்தான் பெருகும்.

கூடாரமும் கட்டுப்பாடும்

முகாமிடும் இடங்களுக்கு வெளியே கூடாரம் அடிப்பது கிரேக்கத்தில் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. காவ்டோஸில் மட்டும் பல பத்தாண்டுகளாக இது கண்டும் காணாமல் விடப்பட்டு வருகிறது. இது சலுகையே தவிர உரிமை ஆகாது. எந்த ஆண்டும் மாறலாம். சட்டத்துக்கு உட்பட்டுத் தங்க விரும்புவோருக்குச் சராகினிகோ, கோர்ஃபோஸ், கராவே பகுதிகளில் வாடகை அறைகள் உண்டு. ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் கிடைப்பது அரிது. இன்னொன்றும் தெரிந்துகொண்டு போவது நல்லது: ஆயியோஸ் இயோவான்னிஸில் ஆடையின்றிக் குளிப்பவர்கள் நெடுங்காலமாக வருகிறார்கள். அவர்களைக் கூர்ந்து பார்ப்பதும் படமெடுப்பதும் அங்கே பெரும் அநாகரிகம்.

கரைக்கு வருவோருக்கு எழுதப்படாத சில விதிகள் உண்டு. பச்சை மரத்திலோ பட்ட மரத்திலோ விறகு ஒடிக்கக் கூடாது. காய்ந்த ஊசியிலை நிறைந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் மணல்மேடு முழுவதும் எரியும் என்பதால் நெருப்பு மூட்டவே கூடாது. குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்; புதைத்தால் ஆடு கிளறும், காற்று இழுத்துப் போடும். சோப்பு போட்டுக் கடலில் குளிக்கக் கூடாது. பாதையை விட்டு மணல்மேட்டின் சரிவில் சறுக்கி இறங்கினால் வேர்கள் வெளிப்பட்டுவிடும்.

பருவத்தைப் பொறுத்தவரை மே கடைசி முதல் ஜூன் வரையிலும், செப்டம்பர் முழுவதும் ஏற்றவை. ஜூனில் மலைச்சரிவுகளில் தைம் பூத்திருக்கும், தேனீக்கள் மொய்க்கும்; கடல் மட்டும் சற்றுக் குளிரும். செப்டம்பரில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், மெல்டெமி தணியும், கூட்டமும் கலையும். ஏப்ரலில் ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே பறக்கும் பறவைகள் கடல் கடந்த களைப்பில் முதலில் இறங்குவது இந்தத் தீவில் என்பதால், பறவை நோக்குவோர் அப்போது வருகிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் பெரும்பாலான உணவகங்கள் பூட்டப்படும். நவம்பர் முதல் மார்ச் வரை கப்பல் வருவது வானிலையின் கையில்; அந்த மாதங்களில் தீவு அங்கே வசிப்பவர்களுக்கானது.